கைவினைப் பொருள் செஞ்சு கண்காட்சில வித்தே குடும்பத்த ஓட்ட முடியுமா?

முடியும்ங்க, ஆனா மாசா மாசம் சம்பளம் மாதிரி வரும்னு மட்டும் நெனச்சு வராதீங்க. நாங்க மதுரை பக்கத்துல விளாச்சேரி, மண் பொம்மைதான் தொழில், நவராத்திரிக்கு கொலு பொம்மை அது முடிஞ்ச கையோட கிறிஸ்துமஸ் குடில் செட்டு, இந்த மூணு நாலு மாசத்துல வர்ற காசுதான் மிச்ச மாசத்துக்கும் ஓடணும். களிமண்ண அச்சுல அமுக்கி எடுத்து நெழல்ல காய வச்சு சூளைல சுட்டு அப்புறம்தான் பெயிண்ட், நடுவுல மழை பிடிச்சா எதுவும் காயாது, ஆர்டர் அப்படியே நிக்கும்.

மதுரை தமுக்கம் மைதானம் மாதிரி எடத்துல ஸ்டால் போடுறப்ப வாடகை, வண்டி, சாப்பாடு, ஒடைஞ்ச பொம்மை எல்லாத்தையும் வெலைல சேத்துருங்க. நான் மொத ரெண்டு வருஷம் என் கூலியவே சேக்கல, எல்லாம் வித்துச்சு, கைல ஒண்ணும் நிக்கல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. பொம்மைய வண்டில ஏத்துறப்ப வைக்கோல் நெறைய வச்சு கட்டுங்க, மூக்கும் வெரலும்தான் மொதல்ல ஒடையும். தூரமா போறதுனா காகிதக்கூழ் பொம்மை எடுத்துட்டுப் போங்க, எடை கம்மி.

மத்திய அரசு தர்ற கைவினைஞர் அட்டைய மொதல்ல வாங்கிருங்க, காந்தி சில்ப் பஜார் மாதிரி அரசு மேளாவுக்கு அது வேணும். அப்புறம் ஸ்டால்ல சும்மா ஒக்காராம ஒரு பொம்மைக்கு கண்ணு எழுதிக்கிட்டே இருங்க, சனம் நின்னு பாக்கும், நின்னவங்கதான் வாங்குவாங்க.