பாஸ்போர்ட் பெயரும் லெட்டர்பாக்ஸ் பெயரும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பயிற்சிப் பணி பற்றி மாநில எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

ஜெனீவாவில் ஓர் ஐ.நா. அமைப்பில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான், சர்நேம் காலி. கோவையில் வாங்கிய டிகிரியில் இனிஷியல் இருக்கிறது. கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டு வருகிறது. சிக்கல் வருமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

வரும். ஆனால் எல்லாம் இங்கிருந்தே தீர்த்துவிடக்கூடிய சிக்கல். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் உங்கள் பெயர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் மூன்றிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும். ஆன்லைன் விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்பதால் பலரும் அங்கே அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கடிதமும் அப்படியே அச்சாகி வருகிறது, விசா கவுன்ட்டரில் அதைப் பார்த்து 'இது வேறு ஆளா?' என்கிறார்கள். கடிதம் வந்த அன்றே பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலோடு மனிதவளப் பிரிவுக்கு மெயில் போட்டுத் திருத்தி வாங்குங்கள். அதற்காக இப்போது பாஸ்போர்ட்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். எண் மாறினால் விசா கோப்பும் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட, கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையம் வழியாக விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசரிடம் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்கலாம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு நோட்டரி அஃபிடவிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை, கேட்டால் மட்டும் செய்தால் போதும். சான்றிதழை வழங்கிய மாநிலம் எதுவோ, அந்த மாநிலத்தின் முத்திரைதான் முதலில் விழ வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு இதில் இடமில்லை. உங்கள் எஸ்.எஸ்.எல்.சி.க்குக் கேரள அரசின் நோர்க்கா, கோவை டிகிரிக்குத் தமிழ்நாடு. அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். அவர்கள் நேரில் வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பெயர் விவகாரம் ஜெனீவாவில் இறங்கிய பிறகும் விடாது. அங்கே லெட்டர்பாக்ஸில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். கதவெண் சரியாக இருந்தாலும் பலனில்லை. வங்கி அட்டையும் அலுவலகக் கடிதமும் தபாலில்தான் வரும். சாவி கைக்கு வந்த அன்றே வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே!

என் மகள் ஜெனீவா போகிறாள். ஏரிக்கரையில் தனி ஃபிளாட், மாதம் 600 ஃபிராங்க் என்று இணையத்தில் ஒருவர் சொல்கிறார். ஓனர் லண்டனில் இருக்கிறாராம். இரண்டு மாத அட்வான்ஸ் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். இன்டர்ன்ஷிப் பதிவுக்கு என்று இன்னொருவர் தனியாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், நகரி

இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐ.நா. விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்கிறார் என்றாலே அவர் ஐ.நா. ஆள் இல்லை.

வீட்டு விஷயத்தில் விலையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஜெனீவாவில் பிறரோடு பகிரும் ஃபிளாட்டில் ஓர் அறைக்கே மாதம் சுமார் 800 முதல் 1,200 ஃபிராங்க் ஆகும். ஏரிக்கரையில் தனி ஃபிளாட் 600 என்பது தூண்டில். சுவிஸ் சட்டப்படி குடியிருப்பு அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. அதுவும் ஓனர் கைக்குப் போகாது, குடியிருப்பவர் பெயரில் வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். அதனால் 'எந்த வங்கியில், யார் பெயரில்?' என்று கேட்டுப் பாருங்கள். லண்டன் ஓனர் அத்தோடு காணாமல் போய்விடுவார்.

பெரும்பாலான இன்டர்ன்களுக்குக் கிடைப்பது, ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர் விடும் உள்வாடகை அறைதான். அதற்கும் வீட்டு உரிமையாளரின் அல்லது அவருக்காக வீட்டை நிர்வகிக்கும் 'ரெஜி' நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதை எழுத்தில் கேளுங்கள். சர்வதேச அமைப்புகளுக்கு வருபவர்களுக்காகவே 'காஜி' என்ற வரவேற்பு மையம் அங்கே இருக்கிறது. மகளை இப்போதே அதற்கு எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மாணவர் விடுதியிலோ ஹாஸ்டலிலோ படுக்கை பதிவு செய்துவிட்டு, அறையை நேரில் பார்த்த பிறகு பணம் கட்டட்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஃபிரான்ஸில் உள்ள அன்மாஸிலோ ஃபெர்னே வோல்தேரிலோ வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நகரியில் குடியிருந்து திருத்தணிக்கு வேலைக்குப் போய்வருகிற கணக்கு அங்கே எடுபடாது. சுவிஸ் விசாவில் ஃபிரான்ஸுக்குக் காய்கறி வாங்கப் போய்வரலாம், குடியிருக்க முடியாது. அதற்கு ஃபிரான்ஸின் அனுமதி தனியாக வேண்டும்.

பணம்: ஐ.நா. தலைமைச் செயலகப் பிரிவுகளில் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை இல்லை. ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), உலக சுகாதார அமைப்பு போன்றவை தருகின்றன. தந்தாலும் முதல் தொகை மாதக் கடைசியில்தான் வரும் என்று வைத்து, இரண்டு மாதச் செலவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ரொக்கமாக 3,000 டாலருக்கு மேல் எடுத்துப்போக முடியாது. மீதியை வெளிநாட்டுப் பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள்.

குக்கர், மிக்ஸி, நெய் எல்லாம் கொண்டுபோகலாமா?
– வாசகி, குப்பம்

நெய் வேண்டாம், பால்கோவாவும் வேண்டாம். பால் பொருள்களைச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. அரிசி, பருப்பு தூக்கிச் சுமக்க வேண்டியதே இல்லை. ஈழத்தமிழர் கடைகளில் இடியாப்ப மாவு வரை கிடைக்கும். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய குக்கர் சூடே ஏறாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள மூன்று லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தம் நம்மூர் போல 230 வோல்ட்தான், மிக்ஸிக்கு ஆபத்தில்லை. பிளக்தான் தொல்லை. சுவிஸ் சாக்கெட் அறுகோணப் பள்ளமாக இருக்கும். விமான நிலையத்தில் விற்கிற பருமனான யுனிவர்சல் அடாப்டர் பல அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. சுவிஸுக்கென்றே உள்ள அடாப்டர் வாங்குங்கள். மெல்லிய இரண்டு முள் ஃபோன் சார்ஜர் நேராகவே பொருந்தும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். அவசரமென்றால் கோர்னவான் ரயில் நிலையக் கடைகள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

சேர்ந்து பத்து நாளாகிறது. மேலதிகாரி ஊரில் இல்லை. வேலையே வரவில்லை. யாரிடம் கேட்பது?
– வாசகர், செங்கோட்டை (இப்போது ஜெனீவாவில்)

அங்கே 'மிஷன்' என்றால் அலுவல் பயணம். முதல் வாரத்தில் மேலதிகாரி மிஷனில் இருப்பது சகஜம், ஆகஸ்டில் சேர்ந்தால் பாதி அலுவலகமே விடுப்பில் இருக்கும். அவர் இல்லாதபோது பொறுப்பு யார் என்பது அவருடைய மெயிலின் தானியங்கிப் பதிலிலேயே இருக்கும். அந்தப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். 'சார்' வேண்டாம், முதல் பெயர் போதும். 'வேலை கொடுங்கள்' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. உங்கள் பணி விவரக் குறிப்பை எடுத்து, அதில் இரண்டு வரியைக் குறிப்பிட்டு, 'இதற்கான பழைய அறிக்கைகளைப் படித்து வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கச் சுருக்கம் தரட்டுமா?' என்று கேளுங்கள். 'சரி' என்று ஒரு சொல்லில் பதில் போட அவருக்கு எளிது.

இதற்கிடையில் ஐ.நா.வின் 'பிசேஃப்' பாதுகாப்புப் பாடத்தை ஆன்லைனில் முடித்துச் சான்றிதழை எடுத்துவையுங்கள், எப்படியும் கேட்பார்கள். மேலதிகாரி திரும்பிய அன்றே வாரம் அரை மணி நேரச் சந்திப்பைக் காலண்டரில் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பேசும்போது ஒரு கணக்கு: குளிர்காலத்தில் ஜெனீவா நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. ராத்திரி ஏழு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் செங்கோட்டையில் அம்மா தூங்கப் போயிருப்பார்.