பிள்ளை சொன்னதைத் தாளாளரிடம் சொல்லிவிட்டால் ஆசிரியர் பொறுப்பு முடிந்ததா?

கேள்வி இது: மறைமாவட்டப் பள்ளி ஒன்றில் "குழந்தைப் பாதுகாப்பு எல்லோருடைய பொறுப்பு" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை பாலியல் தொல்லை என்று வந்து நின்றால், தாளாளர் ஃபாதர் காதில் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் (2012) 19-ஆம் பிரிவு "எந்த நபரும்" என்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். தாளாளர், பங்குத்தந்தை, ஆயர் இல்லம் எதுவும் அந்தப் பிரிவில் கிடையாது. சொல்லாதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பும் 19-இலேயே இருக்கிறது.

"முதலில் உண்மையா என்று நாமே விசாரிப்போம்" என்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், சிஸ்டர், தாளாளர் என்று நாலு பேர் நாலு முறை கேட்பார்கள். பயந்த பிள்ளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விட்டுச் சொல்லும், கொஞ்சம் சேர்த்துச் சொல்லும். அந்த முரண்தான் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைக்கும் ஆயுதம். அதற்குள் சம்பந்தப்பட்டவர் ஃபோனைத் துடைத்திருப்பார், பிள்ளையின் வீட்டுக்குச் சமாதானம் பேச ஆளும் போயிருக்கும்.

ஆசிரியர் செய்ய வேண்டியது குறைவுதான். பிறர் கண்ணில் படும், ஆனால் காதில் விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. என்ன நடந்தது, யார், எப்போது: இதற்கு மேல் துருவ வேண்டாம். "பி.டி. சார்தானே?" என்று பெயரை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். பிள்ளை சொன்ன சொல்லையே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். மருத்துவப் பரிசோதனைக்கு முதல் தகவல் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை (பிரிவு 27); பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு எண்ணோடு எழுதி, படித்துக் காட்ட வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அவர்களே தெரிவிக்க வேண்டும். நேரில் போகத் தயங்குபவர் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

கிறிஸ்தவ வளாகத்துக்கே உரிய சிக்கல்கள் தனி. போப் பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்து 2023-இல் திருத்திய விதிகள், குருக்களும் துறவியரும் திருச்சபைக்குள் புகார் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கின. நாட்டுச் சட்டக் கடமையை அவை குறைக்கவில்லை. அவை முக்கியமாகக் குருக்கள், துறவியர் செய்யும் குற்றங்களைப் பற்றியவை. வேன் ஓட்டுநர் மீதான புகாருக்கு அங்கே வழி தேடாதீர்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டதைக் குரு வெளியிடக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம். 19-ஆம் பிரிவு அதற்கென்று விலக்கு எதுவும் எழுதவில்லை. குரு அங்கே செய்யக்கூடியது, "இது உன் பாவமில்லை" என்று பிள்ளைக்குச் சொல்லி, வெளியே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் பேசத் தூண்டுவது. "மன்னித்துவிடு" என்று பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. புகாருக்குள்ளானவருக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் கொடுப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்தை அனுப்பி வைப்பதுதான்.

கவனிக்கப்படாத ஓட்டை இன்னொன்று. 2020 போக்சோ விதிகளின்படி, ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லாப் பணியாளருக்கும் அவ்வப்போது காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். ஆனால் மறைக்கல்வி நடத்துபவர், பாடகர் குழுப் பயிற்சியாளர், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் இளைஞர்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. பள்ளி, கோவில், விடுதி மூன்றும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும்போது, மாலை நாலு மணிக்கு மேல் பிள்ளை யார் கணக்கில்? பகிர வேண்டிய பொறுப்பு இங்கேதான். தொண்டர்களுக்கும் அதே சரிபார்ப்பு. விடுதியிலும் தியான முகாமிலும் எந்நேரமும் இரண்டு பெரியவர்கள். பூசைக்கு உடை மாற்றும் சக்ரீஸ்து அறையில் பீடச்சிறுவர் ஒருவரோடு பெரியவர் ஒருவர் தனியாக இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். சி.சி.டி.வி. வாசலைப் பார்க்கும், அந்த அறையைப் பார்க்காது.

கடைசியாக, பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி. தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் தூசிதான் சேரும். தண்ணீர்க் குழாய் போகும் வழியில் மாட்டுங்கள், இரண்டு பூட்டுப் போடுங்கள், ஒரு சாவி பெற்றோர் பிரதிநிதியிடம் இருக்கட்டும்.