ராணுவ பேண்டு இசை: டெல்லித் தமிழர்கள் கேட்டவையும் என் பதில்களும்

குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் ராணுவ பேண்டு நிகழ்ச்சியான பீட்டிங் ரிட்ரீட்டை டிவியில் பார்த்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். நேரில் போகத்தான் வேண்டுமா சார்? (மயூர் விஹார்)

கண்டிப்பாகப் போங்கள் அம்மா. டிவியில் எல்லா வாத்தியமும் ஒரே தூரத்தில் இருப்பதுபோலக் கேட்கும். விஜய் சௌக்கில் உட்கார்ந்தால், ரைசினா மேட்டிலிருந்து பேண்டுகள் இறங்கி வரும்போது முதலில் பெரிய டிரம்மின் அடிதான் காதுக்கு வரும். மெட்டு பிறகுதான் தெளியும். இது திறந்தவெளிக்கென்றே உருவான இசை. ஜனவரி 29க்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் முந்தைய நாள் முழு உடை ஒத்திகைக்குப் பாருங்கள்.

பீட்டிங் ரிட்ரீட்டில் வாசிக்கும் 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவ கீதம் எங்கே போயிற்று? (ஆர்.கே. புரம்)

2022இல் அதை எடுத்துவிட்டு 'ஏ மேரே வதன் கே லோகோ'வைச் சேர்த்தார்கள். சி. ராமச்சந்திரா இசையமைத்த இந்தப் பாடலை, சீனப் போரில் உயிர்விட்ட வீரர்களுக்காக லதா மங்கேஷ்கர் 1963 ஜனவரி 27 அன்று நேரு முன்னிலையில் பாடியதும் இதே டெல்லியில்தான். அதனால் இதற்கு இங்கே இடமுண்டு. ஆனால் காந்திக்குப் பிடித்த அந்தப் பழைய கீதத்தையும் வைத்திருக்கலாம் என்பதே என் கருத்து. பித்தளை வாத்தியங்கள் மெல்லிய குரலில் பேசக் கேட்க அதைவிடப் பொருத்தமான மெட்டு எனக்குத் தெரியாது.

பாட்டு சொல்லித்தருகிறேன். பேக்பைப் என்ற பையும் குழல்களும் சேர்ந்த ஊது வாத்தியம் மட்டும் எனக்கு இரைச்சலாகவே இருக்கிறது. எப்படிக் கேட்பது? (கரோல் பாக்)

உங்களுக்குத்தான் இது எளிது. முதலில் சுருதியைப் பிடியுங்கள். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கின்றன. ஒன்று மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்கும் குழலில் மொத்தம் ஒன்பது ஸ்வரங்கள்தாம். அந்தச் சுருதியை ஸட்ஜமாக எடுத்தால் ஏறக்குறைய ஹரிகாம்போஜி ராகம் கிடைக்கும். அந்த நிஷாதம் கொஞ்சம் இறங்கி நிற்பதை உங்கள் காது உடனே கண்டுகொள்ளும்.

அப்புறம் ஒரு முக்கியமான வித்தியாசம். நாகஸ்வரக்காரர் துத்துக்காரத்தால், அதாவது நாக்கின் தட்டலால், ஸ்வரங்களைப் பிரிக்கிறார். பேக்பைப்பில் நாக்குக்கு வேலையே இல்லை. வாய் பையை நிரப்புகிறது, சீவாளி உள்ளே ஒளிந்திருக்கிறது, நாதம் நிற்பதே இல்லை. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை ஒலிக்க வேண்டுமானால் நடுவில் இன்னொரு ஸ்வரத்தை மின்னலாய்த் தொட்டு எடுக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஆகவே உணர்ச்சி முழுவதும் அந்தச் சின்னத் தொடுகைகளில்தான் இருக்கிறது. அவற்றைத் தேடிக் கேளுங்கள், இரைச்சல் தானாக விலகும்.

முத்துசுவாமி தீட்சிதரே சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதி நோட்டு ஸ்வர சாகித்யங்கள் செய்தவர். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. உங்கள் மாணவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்களேன்.

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளில் பேண்டு இசை ஏன் இவ்வளவு அதிகம் அண்ணா? (முனிர்கா, மாணவர்)

1925க்கு முன் மைக் கிடையாது தம்பி. பெரிய கூம்புக்கு முன் நின்று வாசிக்க வேண்டும், அந்தக் காற்றழுத்தமே ஊசியை அசைத்துத் தடம் கீறும். வயலின் அதில் தேய்ந்துபோகும், கார்னெட், டியூபா போன்ற பித்தளை ஊது வாத்தியங்கள் கணீரென்று பதியும். பெரிய டிரம்மைத்தான் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். ஒரு மார்ச் அதற்குள் அடங்கும்.

'கதம் கதம் படாயே ஜா' யாருடைய இசை? (ஜனக்புரி)

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்த கேப்டன் ராம் சிங் டாக்கூரி.

தாத்தாவின் 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள்) பேண்டு இசையோடு பரணில் கிடக்கின்றன. துடைத்துப் போடலாமா? (துவாரகா)

ஸ்பிரிட் மட்டும் தொடாதீர்கள்! அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ் போதும், லேபிளில் ஈரம் படக்கூடாது. பிற்கால நீண்டநேரத் தட்டுகளுக்கான எல்.பி. ஊசியைப் போடாதீர்கள். 78க்கு அதைப்போல மூன்று மடங்கு பருத்த ஊசி வேண்டும், இல்லாவிட்டால் தடத்தின் அடியில் உரசி வெறும் கரகரப்புதான் வரும். பிரிட்டிஷ் ராணுவத் தட்டுகள் இன்றைய சுருதியைவிடச் சற்று ஏறிக் கேட்டால் வேகம் தப்பு என்று உடனே குறைத்துவிடாதீர்கள். 1920களின் பிற்பகுதி வரை அந்த பேண்டுகள் அப்படித்தான் சுருதி வைத்தன.