மனையை விற்காதீர்கள், டி ஆன்சாவைப் பாருங்கள்

கலிபோர்னியா சன்னிவேலில் ஒரு தமிழ்க் குடும்பம். மகளுக்கு பெர்க்லியில் இடம் கிடைக்கவில்லை. வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறது. ஆண்டுக்கு 70,000 டாலர். தாம்பரத்து மனையை விற்றுவிடலாமா என்கிறார் அப்பா. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியும் உண்டு. "கம்யூனிட்டி காலேஜா? நாத்தனார் கேட்டால் என்ன சொல்றது?" என்கிறார் அம்மா. பெண்ணோ இரண்டு வருடமாகப் புள்ளியியல்தான் வேண்டும் என்கிறாள்.

வருத்தம் புரிகிறது. ஆனால் மனையை விற்காதீர்கள். நாத்தனார் ஃபீஸ் கட்டப்போவதில்லை.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கூப்பர்டினோவில் இருக்கிறது டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ். ஓராண்டும் ஒரு நாளும் மாநிலத்தில் குடியிருந்தவர்களுக்கு ஒரு யூனிட் (பாடங்களின் அளவு) 31 டாலர். அங்கிருந்து யூசி, அதாவது பெர்க்லியும் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேர 90 குவாட்டர் (கல்லூரிப் பருவம்) யூனிட் தேவை. ஆக இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 2,790 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. பள்ளி மதிப்பெண்ணை அங்கே யாரும் பார்ப்பதில்லை. பட்டத்தில் யூசியின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காதது 'டாக்' (TAG), அதாவது மாறிச் சேர்பவர்களுக்கு யூசி தரும் இட உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு வளாகம், நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதித் தரும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ இதில் இல்லை. அவற்றுக்கும் வழக்கம்போல் விண்ணப்பிக்கலாம். டாக் படிவம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதை அனுப்பும்போதே 45 யூனிட் முடிந்திருக்க வேண்டும். அதாவது முதல் வருடம் குவாட்டருக்கு 15 வீதம் மூன்று குவாட்டர். நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டால் கோடையிலேயே ஈடுகட்டியாக வேண்டும். டாக் அனுப்பியாயிற்று என்று பொதுவான யூசி விண்ணப்பத்தை விட்டுவிட்டால் டாக்கும் செல்லாது.

டி ஆன்சாவின் எந்தப் பாடம் யூசியின் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் (assist.org) தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தோழி சொன்னாள் என்று எதையும் எடுக்க வேண்டாம். கால்குலஸ்தான் அடிக்கடி சிக்கலாகும் இடம். டி ஆன்சாவில் அது 1ஏ, 1பி, 1சி, 1டி என நான்கு துண்டு. இரண்டை இங்கே முடித்துவிட்டு மீதியை செமஸ்டர் முறைக் கல்லூரியில் எடுத்தால் தொடர் பொருந்தாமல் போகலாம். நான்கையும் ஒரே இடத்தில் முடிப்பதே நல்லது. அடுத்து 2பி, லீனியர் அல்ஜீப்ரா. பொதுப்பாடங்களை முதலில் அடித்துத் தள்ளிவிட்டுக் கணக்கைக் கடைசிக்கு வைப்பவர்கள்தான் புள்ளியியலில் மாட்டிக்கொள்கிறார்கள். யூசி கேட்கும் இரண்டு ஆங்கிலப் பாடங்களையும் தள்ளிப்போட வேண்டாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி அப்பாவுக்கு: சில வளாகங்கள் அதை டாக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பெண் கேட்காத பாடத்துக்காக இடத்தின் உறுதியையும் விட்டு, 70,000 டாலரையும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளிடம் விட்டுவிடுங்கள். ஓரியண்டேஷனை முடித்து, கல்லூரி ஆலோசகரோடு உட்கார்ந்து ஆறு குவாட்டருக்கும் திட்டம் போட்டுக்கொள்ளட்டும். அது இல்லாவிட்டால் பதிவில் முன்னுரிமை கிடைக்காது. 1ஏ வகுப்பு நிரம்பிவிடும்.