வண்டியை உயர்த்தியாச்சு, ஷாக் எவ்வளவு நீளம் வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் எஸ்யூவி முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை மாற்றி 3 இன்ச் உயர்த்திவிட்டேன், ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் பழசுதான். இப்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து 'டக்' என்று சத்தம் வருகிறது. பழையதைவிட 3 இன்ச் நீளமான ஷாக் வாங்கினால் போதுமா?

பதில்: அந்தச் சத்தத்தோடு வண்டியை அதிக நாள் ஓட்டாதீர்கள். உயர்த்திய பிறகு ஆக்சில் சேஸிஸிலிருந்து முன்பைவிடத் தள்ளி நிற்கிறது, அதனால் பழைய ஷாக் சும்மா நிற்கும்போதே பாதிக்கு மேல் நீண்டுவிட்டது. சக்கரம் கொஞ்சம் கீழே போனாலும் உள்ளே பிஸ்டன் மேல்முனையில் முட்டி, ஆக்சிலும் சக்கரமும் ஷாக்கின் ராடில் (பிஸ்டன் பொருத்திய கம்பியில்) தொங்குகின்றன. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான், ஆக்சிலைத் தூக்கிப் பிடிப்பது இல்லை. புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர்) கிழிவது, சீல் கசிவது, பிராக்கெட் வெல்டிங் விடுவது எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கும். ஆகவே நீளமான ஷாக் கட்டாயம் வேண்டும்.

ஆனால் 3 இன்ச் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். ஷாக்குக்கு ஒரு நீளம் இல்லை, இரண்டு: முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு. எல்லோரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள், வண்டியை உடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. ராட் நீளமானால் அது உள்ளே போக உடம்பும் நீளமாக வேண்டும். அதனால் அதே வகை ஷாக்கில் நீண்ட அளவு 3 இன்ச் கூடினால், அமுங்கிய அளவும் சுமார் 1.5 இன்ச் கூடிவிடும். ஆக்சில் மேலே வரும்போது தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்போ பழைய இடத்திலேயே இருக்கிறது, ஸ்பிரிங் மாறினாலும் ஆக்சில் பழைய உயரம் வரைக்கும் மேலே வரும். ரப்பர் தாங்குவதற்கு முன்னால் ஷாக் அமுங்கி முடிந்துவிட்டால், மொத்த அடியும் ஷாக்கின் இரண்டு போல்ட்டில் இறங்கும். என் சொந்த வண்டியில் இப்படித்தான் பின்பக்கக் கீழ் பிராக்கெட் பிய்ந்தது. லிஃப்ட் அளவை மட்டும் சொல்லி ஷாக் வாங்கியிருந்தேன், அமுங்கிய நீளத்தை நான் கேட்கவே இல்லை.

சரி, எப்படி அளப்பது? வண்டியை வழக்கமான சுமையோடு சமதரையில் நிறுத்தி, மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை அளந்துகொள்ளுங்கள். 20 இன்ச் என்று வையுங்கள். பம்ப் ஸ்டாப்புக்கும் அது முட்டும் இடத்துக்கும் இடைவெளி 5 இன்ச், ரப்பரின் உயரம் 2.5 இன்ச் என்றால், பலமான அடியில் ரப்பர் ஏறத்தாழ பாதி நசுங்கும், அதாவது 1.25. இரண்டையும் 20-இல் கழித்தால் 13.75. பாதுகாப்புக்கு இன்னும் அரை இன்ச் விட்டால் 13.25. இதைவிட அதிகமான அமுங்கிய நீளம் உங்கள் வண்டிக்கு ஆகாது.

அடுத்து கீழ்ப்பக்கம். சேஸிஸை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆக்சிலை இன்னொரு ஜாக்கியால் தாங்கியபடி மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் வயர் விறைக்கிறதா, ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் மடங்கிப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள், அப்போது மேல், கீழ் போல்ட் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் உங்கள் எல்லை. ஹோஸை நீளமாக்கினால் எல்லையும் நகரும், அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

எல்லை 24.5 இன்ச் என்று வந்தால், விவரப் பட்டியலில் 'நீண்டால் 24, அமுங்கினால் 14' என்று ஒரு ஷாக் கண்ணில் படும். நீளம் கிட்டத்தட்ட சரி, அமுங்கியதுதான் 0.75 இன்ச் அதிகம். பம்ப் ஸ்டாப்பை 1 இன்ச் கீழே இறக்கி வைத்தால் இது பொருந்தும். மேலே போகும் அசைவில் ஓர் இன்ச் போகிறதே என்று வருத்தமாக இருக்கும், ஆனாலும் நான் இதையே செய்வேன். கீழ்ப்பக்கம் 24-ஐத் தொடுமுன்பே ஆக்சிலை நிறுத்த லிமிட் ஸ்ட்ராப் என்ற பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி, மறுபக்கத்தை இறக்கியும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் டயர் ஷாக்கில் உரசுவது அந்த நிலையில்தான் தெரியும்.

கேள்வி: நான் பாடி லிஃப்ட் (சேஸிஸிலிருந்து பாடியை மட்டும் உயர்த்துவது) மட்டும் 2 இன்ச் செய்தேன். ஷாக் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஷாக் இருப்பது சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், பாடி எவ்வளவு மேலே போனாலும் அந்தத் தூரம் மாறாது.

கேள்வி: முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும்). 2 இன்ச் உயர்த்த 2 இன்ச் ஸ்பேசர் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இதில் ஷாக் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் பிடித்திருக்கிறது, சக்கரத்தில் இல்லை. சக்கரம் 2 இன்ச் நகரும்போது ஷாக் அதைவிடக் குறைவாகவே நகரும், பல வண்டிகளில் ஓர் இன்ச்சுக்குச் சற்று மேலே. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பகுதி) தலையில் 2 இன்ச் ஸ்பேசர் கட்டையை வைத்தால் சக்கரம் 3 இன்ச்சுக்கும் அதிகமாக இறங்கிப் பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட்டும் தாங்காத கோணத்துக்குப் போகும், அமுங்கும்போதும் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு ஷாக் முன்னதாக முட்டும். இந்த அமைப்பில் வெறும் நீளத்தைத் தேடாமல், உங்கள் மாடலின் அந்த உயரத்துக்கென்றே செய்த ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்குவதே நல்லது.

கேள்வி: நீள ஷாக்கில் ரொம்பக் கடினமானதைத் தேர்ந்தெடுத்தால் வண்டி ஆடாதுதானே?

பதில்: நீளம் வேறு, கடினம் வேறு. ஸ்பிரிங் கடினமாக இருந்தால், அது திரும்பி எழும் வேகத்தை அடக்க ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது தரும் எதிர்ப்பு) அதற்கேற்ப வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கோடு கடின ஷாக்கைப் போட்டால், தொடர்ந்து மேடுபள்ளம் வரும் பாதையில் சக்கரம் கீழே திரும்ப நேரமே கிடைக்காது. வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தே ஓடும். எப்போதும் ஏற்றும் சுமை, வின்ச், கூடுதல் டேங்க் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள், வண்டி தரையில் சொந்த எடையோடு நிற்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.