இயந்திரம் வேண்டாம், முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கேள்வி: பல்லடம் அருகே எங்கள் ஊர் கிரிக்கெட் சங்கத்தில் 10 முதல் 14 வயது வரை 18 பையன்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஆட்டத்தில் ஆள் குறைந்தால் இவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். 13 வயதுப் பையன் ஒருவன் பெரியவர்களையே திணறடிக்கும் வேகத்தில் வீசுகிறான். கொஞ்ச நாளாக இடுப்பு வலிக்கிறது என்கிறான். விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் பையன்களுக்காக 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். பந்து வீசும் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: இயந்திரத்தைப் பிறகு பார்ப்போம். அந்தப் பையன் இந்த ஞாயிற்றுக்கிழமை பந்து வீசக் கூடாது. வலதுகைக்காரன் என்றால் வலி இடப்பக்கக் கீழ்முதுகில் இருக்கிறதா, பின்னால் வளையும்போது கூடுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், முதுகெலும்பில் மெல்லிய விரிசல் தொடங்கியிருக்கலாம். வளரும் வயதில் வேகமாக வீசும் பையன்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆரம்ப நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். விசைத்தறிக்காரர் கொடுத்த பணத்தின் முதல் செலவு இதுவாகவே இருந்தாலும் சரிதான்.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் ராஞ்சியில், 2017 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தை விழுங்கியவை காயங்கள். அவற்றில் முதுகுதான் முக்கியம். ஆஸ்திரேலிய அணியின் மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தவருக்கே இந்த நிலை. நம் பையன் வீசியதை யாராவது எண்ணியிருக்கிறார்களா? காலையில் வலையில் ஒரு மணி நேரம், மதியம் ஆட்டத்தில் எட்டு ஓவர், சாயங்காலம் நண்பர்களோடு தெருவில். "வலிக்கிறதா கண்ணு?" என்று கேப்டன் கேட்டால், அடுத்த வாரம் இடம் போய்விடும் என்ற பயத்தில் இல்லை என்றுதான் சொல்வான். அதனால்தான் நோட்டு. பெயர், தேதி, வீசிய பந்துகள். வலைப்பயிற்சிக்கும் சேர்த்து.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதலில், வேகப்பந்து வீசும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தொடர்ந்து 5 ஓவருக்கு மேல் வீசக் கூடாது. ஒரு நாளில் 10 ஓவர்தான். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 6, 12. நம் வெயிலுக்கு நான் இன்னும் குறைப்பேன்.

அடுத்தது பந்து. நீங்கள் சொல்லாவிட்டாலும் கார்க் பந்துதான் புழங்குகிறது என்று ஊகிக்கிறேன். மலிவு, நாள்படத் தாங்கும், ஆனால் கல். அது காலில் பட்ட பத்து வயதுப் பையன் அடுத்த பந்துக்குப் பயந்து ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது பந்தின் பாதையை விட்டுக் கால் பக்கமாக, விலகுவான். அந்தப் பழக்கத்தை மாற்ற வருடக்கணக்காகும். ஆண்களுக்கான பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விதிப்புத்தகமே 133 முதல் 144 கிராம் என்று தனி அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுத் தோல் பந்தும் நான்கு ஹெல்மெட்டும் வாங்குங்கள். சின்னவர்களுக்கு டென்னிஸ் பந்தே போதும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. இந்திய அணிக்கு ஆடிய சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில், பேட்ஸ்மேன் காலடியில் விழும் யார்க்கர் வீசி வளர்ந்தவர்தானே!

மிச்சப் பணத்தில் பிட்ச் மேல் விரிக்க ஒரு தென்னை நார் விரிப்பு வாங்குங்கள். பொள்ளாச்சி இருக்கும்போது எங்கே தேடப் போகிறீர்கள்? பிட்ச் வடக்கு தெற்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விரிப்பின் மேற்கு ஓரத்தைத் தூக்கிவிடும். அந்தப் பக்கம் ஆணிகளை நெருக்கமாக அடியுங்கள்.

பெரியவர்கள் ஆட்டத்தில் பையன்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். பவுண்டரியில் நாள் முழுக்க நின்று, பதினோராவது ஆளாக இறங்கி, ஒரு பந்தில் அவுட் ஆகி வீடு திரும்பும் பையன் எதைக் கற்றுக்கொண்டான்? ஜோடி ஆட்டம் வையுங்கள். அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் நான்கு ஓவர் ஆடும். அவுட் ஆனால் 5 ரன் கழிப்பார்கள், வெளியேற வேண்டியதில்லை. எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் வீசினால் 16 ஓவர் சரியாகப் போகும். உங்களிடம் 18 பேர் இருக்கிறார்கள். மிஞ்சும் இருவரில் ஒருவன் அம்பயர், இன்னொருவன் நோட்டு எழுதுபவன். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை அந்த வேகப்பந்துக்காரனிடமே நோட்டைக் கொடுங்கள்.