டவுன் ஷோரூமில் மலிவாகக் கேம் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. ஹட்டன், பதுளை, பண்டாரவளை போன்ற டவுன்களில் உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் கிளைகளில் வீடியோ கேம்கள் விலைக்கழிவில் கிடைக்கின்றன. எடுக்கலாமா, விடலாமா? ஸ்டிக்கரில் உள்ள விலையை மட்டும் பார்க்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அந்தக் கேம் உங்கள் வீட்டு டிவியில் ஓடும்வரை ஆகும் மொத்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹட்டனில் ஒரு கிளையில் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) டிஸ்க்குகளைக் கூடையில் போட்டுப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். மகனுக்கு 11 வயது. இவ்வளவு மலிவு என்றால் போலியாக இருக்குமோ? (கொட்டகலை, ஒரு தந்தை)

போலி என்ற பயம் வேண்டாம். பிஎஸ்2 காலத்தில் கொப்பி டிஸ்க்குகள் நடைபாதையிலேயே கிடைத்தன. பிஎஸ்4, பிஎஸ்5 அப்படியல்ல. மாற்றம் செய்யாத கன்சோல் (டிவியில் இணைத்துக் கேம் ஆடும் பெட்டி) கொப்பி டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளவே மாட்டாது.

மலிவுக்குக் காரணம் வேறு. ஒரு கேம் வெளியான புதிதில் எல்லாக் கிளைகளுக்கும் சரக்கைப் பிரித்து அனுப்புவார்கள். கொழும்பில் விற்றுத் தீர்ந்துவிடும். நம் பக்கத்துக் கிளையில் இரண்டு மூன்று டிஸ்க் தங்கிவிடும். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் இடத்தில் அவற்றுக்கு அலுமாரி ஒதுக்க யாருக்கும் மனம் வராது, கூடைக்குப் போகும். நமக்கு நல்ல வேட்டை அங்கேதான்.

கூடையில் அதிகம் கிடப்பவை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும் விளையாட்டுக் கேம்கள். புதியது வந்ததும் பழையதின் விலை விழுந்துவிடும். கிரிக்கெட் 24 வந்த பிறகு கிரிக்கெட் 22 அப்படித்தான் ஆனது. ஆனால் இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து மேட்ச் போட அது தாராளமாகப் போதும். காற்பந்தில் பிபா 23ஐக் கண்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இஏ நிறுவனம் பிபா பெயரில் வெளியிட்ட கடைசிக் கேம் அது. 2023இல் அதன் இடத்துக்கு இஏ ஸ்போர்ட்ஸ் எப்சி 24 வந்ததும் பழைய பிபா கேம்களை டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவை டிஸ்க்கில்தான் கிடைக்கும். கரியர் மோட் (ஓர் அணியைப் பல சீசன் நடத்தித் தனியாக ஆடுவது), நண்பனோடு நேருக்கு நேர் ஆடுவது எல்லாம் இணையம் இல்லாமலே நடக்கும். அல்டிமேட் டீம் (வீரர் கார்டுகளைச் சேர்த்து ஆன்லைனில் ஆடும் பகுதி) ஆடத்தான் ஆசை என்றால் பழைய பதிப்பை எடுக்காதீர்கள். அது முழுக்க நிறுவனத்தின் சர்வரை நம்பியிருப்பது, பழைய பதிப்புகளுக்கு அந்த சர்வரை ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள்.

கூடைக்குள் கை விட்டுத் தேடும்போது உறையின் மேல் பட்டையைப் பாருங்கள். நீலம் என்றால் பிஎஸ்4, வெள்ளை என்றால் பிஎஸ்5. டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5இல் பிஎஸ்4 டிஸ்க் ஓடும், மறுபக்கம் நடக்காது.

11 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பதிப்பு என்றால் உறையின் முன்பக்க மூலையில் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். அது வயது வரம்பு, கஷ்டத்தின் அளவு அல்ல. கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5 எந்தக் கூடையிலும் கிடைக்கும், பிள்ளையும் அதைத்தான் கேட்பான். அதன் எண் 18. விலை எவ்வளவு குறைந்தாலும் அது உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம்.

டிஸ்க் வாங்கிப் போட்டால் அதற்கு மேலும் பல ஜிபி டவுன்லோட் கேட்கிறது. எங்கள் தோட்ட டிவிசனில் சிக்னல் ஒரு கோடுதான். டிஸ்க்கில் என்னதான் இருக்கிறது அண்ணா? (பொகவந்தலாவை, உயர்தர மாணவர்)

தம்பி, மலையகத்தில் கேம் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சில டிஸ்க்குகளில் முழுக் கேமும் இருக்கும். சிலவற்றில் பாதி. சிலவற்றில் சாவி மட்டும்தான், அதாவது கேமை இறக்கி ஆட அனுமதிக்கும் சிறு தரவு. 2022இல் வந்த கால் ஆப் டியூட்டி மாடர்ன் வார்பேர் 2இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது ஏறக்குறைய 70 எம்பி. மீதி எல்லாம் இணையத்திலிருந்து இறக்க வேண்டியது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டுகளும் அப்படித்தான், கார்டில் கேம் இருக்காது.

60 ஜிபி கேமை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 13 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அந்த வேகமும் சீராகக் கிடைத்தால்தான். டேட்டாவுக்குக் கொடுக்கும் காசைக் கூட்டினால், கூடையில் கிடைத்த கழிவு சில நேரம் அப்படியே கரைந்துவிடும்.

கடையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறையைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். இணைய இணைப்பு கட்டாயம், பெரிய டவுன்லோட் தேவை என்றெல்லாம் அங்கேதான் போட்டிருப்பார்கள். ஆன்லைன் சண்டைக் கேம்களை விட்டுவிட்டு, ஒருவர் தனியாகக் கதையோடு ஆடும் கேம்களைத் தேடுங்கள். பிஎஸ்4க்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் உறைக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்று டேட்டாவை ஏற்ற, மற்றது ஆட. அப்படிப்பட்ட கேமை நெட் இல்லாமலே பல மாதம் ஆடலாம் (இதுவும் 18 வயதுக்கு மேல்தான்). வெளியாகிச் சில காலம் கழித்து வரும் முழுப் பதிப்புகளும் நம் பக்கத்துக்கு நல்லவை, ஏனென்றால் திருத்தங்கள் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே ஏறியிருக்கும்.

டவுன்லோட் செய்தே ஆக வேண்டும் என்றால் இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் எடுத்து, கன்சோலை ரெஸ்ட் மோடில் (முழுதாக அணைக்காமல்) விட்டுத் தூங்குங்கள். இடையில் கரண்ட் போனாலும், கன்சோலைத் திரும்பப் போட்டதும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கண்டியில் டிஸ்க் இல்லாத பிஎஸ்5 கணிசமாக மலிவு. அதையே எடுக்கலாமா? (கம்பளை, ஒரு வாசகி)

நல்ல பைபர் இணைப்பு வீட்டில் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். அதை எடுத்த நாளிலிருந்து மேலே சொன்ன கூடை உங்களுக்கு இல்லை. நண்பரிடம் டிஸ்க் இரவல் வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, டிஸ்க் இல்லையென்றால் கேம்களைப் பிளேஸ்டேஷன் இணையக் கடையில்தான் வாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்குள்ளவர்கள் வேறு நாட்டுக் கணக்கில்தான் ஆடுகிறார்கள். ஒரு நாட்டைத் தெரிவு செய்த பிறகு அந்தக் கணக்கில் அதை மாற்ற முடியாது. கணக்கில் காசு ஏற்றும் கிப்ட் கார்டும் அதே நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்குக்கு இந்தியக் கார்டு வாங்கினால் காசு வீண்.

2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மொடல் என்றால் பின்னர் தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கிப் பொருத்தலாம். முதல் தடவை பொருத்தும்போது மட்டும் இணையம் தேவை. 2020இல் வந்த பழைய டிஜிட்டல் மொடலுக்கு அந்த வழி கிடையாது. எது என்று பெட்டியில் உள்ள மொடல் இலக்கத்தைக் காட்டிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த கன்சோல் என்று கம்பனி வாரண்டி இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். (நுவரெலியா)

பணம் கொடுக்கும் முன் கன்சோலைத் திருப்பி, மின்சாரம் பற்றிய லேபிளை உங்கள் கண்ணாலேயே படியுங்கள். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஜப்பானில் 100. லேபிளில் 100-240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் சார்ஜர் அந்த வகை. 100 மட்டும் என்று இருந்தால் ட்ரான்ஸ்போமர் வேண்டும். பிஎஸ்5 போன்றதற்கு 500 வாட் அளவிலாவது வாங்க வேண்டும், அதன் விலையையும் கன்சோல் விலையோடு கூட்டுங்கள். அமெரிக்கச் சந்தைக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் 360 அடப்டரை நேரே குத்தினால் புகைதான் வரும்.

2025 நவம்பரில் ஜப்பானுக்கு மட்டும் ஒரு மலிவு பிஎஸ்5 வந்தது. அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான், டிஸ்க் டிரைவும் இல்லை. அதை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை பயமில்லை. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். பின்னுறையில் சிறிய உலக உருண்டைக்குள் இருக்கும் எண் பிரதேசத்தைக் காட்டும். கூடுதல் பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கும்போதுதான் டிஸ்க்கின் பிரதேசமும் உங்கள் கணக்கின் பிரதேசமும் ஒத்திருக்க வேண்டும்.

தவணை முறையில் மாதம் கொஞ்சமாகத்தான் போகிறது. அப்படி எடுத்தால் நட்டமா? (பதுளை, அரச ஊழியர்)

மாதத் தொகையை விட்டுவிட்டு மொத்தத் தொகையைக் கேளுங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: காசுக்கு 1,80,000 ரூபா, தவணையில் மாதம் 10,500 வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 2,52,000. வித்தியாசம் 72,000 ரூபா. அந்தக் காசில் இரண்டாவது கன்ட்ரோலரும் ஒரு குவியல் கூடை டிஸ்க்கும் வாங்கலாம். சில கிளைகளில் கேம் இலவசம் என்று சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தக் கேமின் விலை வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டியில்லாத கிரெடிட் கார்ட் தவணை என்றால் வங்கி எடுக்கும் ஆரம்பக் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு எடுக்கலாம், அது பெரும்பாலும் நல்ல வழிதான்.

பற்றுச்சீட்டு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. பற்றுச்சீட்டில் மொடலும் தொடர் இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். கடையில் தீராத பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

காட்சிக்கு வைத்த கன்சோலும் சில பாவித்த டிஸ்க்கும் சேர்த்துத் தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? (பண்டாரவளை)

டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து, கடை டியூப்லைட்டுக்குச் சாய்த்து மெல்லத் திருப்புங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள் பெரிதல்ல. வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறலும், நகம் தட்டுப்படும் ஆழமும்தான் ஆபத்து. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் புளூரே வகை, அதில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருக்கிறது, டிவிடியில் 0.6. ஆகவே பற்பசை போட்டுத் தேய்க்கும் பழைய வைத்தியம் இதற்குச் சரிவராது, இருப்பதையும் கெடுக்கும்.

கன்சோலைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூமில் பிள்ளைகள் நாள் முழுக்க அமுக்கிய கன்ட்ரோலரில் ஆளை நகர்த்தும் குச்சி தேய்ந்திருக்கும். கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் தானாக நகர்ந்தால், புது கன்ட்ரோலர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கன்சோலை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள், படம் விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கார்டில் எழுதி வாங்குங்கள்.

பனி இறங்கிய மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் உடனே போடாதீர்கள். குளிர்ந்த கன்சோல் அறைச் சூட்டுக்கு வந்ததும் உள்ளே ஈரம் கோக்கும். ஓரிரு மணித்தியாலம் விட்டுப் போடலாம்.

லேப்டொப்பில் ஆட கேம் டிவிடி வாங்கலாமா? (மாத்தளை)

வேண்டாம். பெரும்பாலும் பெட்டிக்குள் கேமை இணையத்திலிருந்து இறக்குவதற்கான ஒரு குறியீடு (கோட்) மட்டும்தான் இருக்கும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்குத் தனி டொலர் விலை இருப்பதால் பல கேம்கள் அங்கேயே குறைவு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் லேப்டொப் தாங்குமா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் வாராவாரம் இலவசக் கேமும் கொடுக்கிறார்கள்.

மின்னலில் கன்சோல் போய்விட்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். (நாவலப்பிட்டி)

வருத்தமான விஷயம். மின்னல் சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள், பல நேரம் எச்டிஎம்ஐ பகுதி மட்டும்தான் போயிருக்கும், அதை மாற்றலாம். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் புதிதல்ல. அந்த மாதங்களில் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிஷ் வயர் வழியாக டிவிக்கு வரும் மின்னல், எச்டிஎம்ஐ வயரில் கன்சோலுக்குப் போய்விடும். எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள்.

தீபாவளி முற்பணம் கையில் கிடைத்ததும் வாங்குவதா, பொறுப்பதா? (மஸ்கெலியா)

கன்சோல் என்றால் பண்டிகைக் கால விலையைக் குறித்து வைத்துக்கொண்டு, நவம்பர் கடைசி, டிசம்பர் விலைகளோடு ஒப்பிட்டு வாங்குங்கள். டிஸ்க் என்றால் பண்டிகை முடிந்த பிறகு போங்கள், மிஞ்சியது கூடைக்கு வரும். சம்பள வாரச் சனிக்கிழமை வேண்டாம். மாதக் கடைசியில் ஒரு வார நாள் காலையில் போனால், இலக்கை எட்ட வேண்டிய முகாமையாளர் நின்று பேசுவார். இரண்டு மூன்றாக எடுத்தால் இன்னும் குறைப்பீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.